எல்போவில் நின்றுபோகும் கேமரா தலை: நான்கு வடிவங்களை எடைபோட்டுப் பார்ப்போம்

அடைத்த குழாய்க்குள் கேபிளால் தள்ளிப் பார்க்கும் கேமராவின் தலையைப் பற்றி, போன மாதம் மூன்று பேர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) கேட்டது ஏறக்குறைய ஒரே கேள்வி: எல்போவில், அதாவது குழாய் வளையும் மூட்டில், நிற்காமல் போக எந்தத் தலை? லூனாஸில் குழாய் வேலை செய்யும் ஒரு தம்பி: “அண்ணே, 23 மில்லிமீட்டர் தலை வாங்கினேன். சிங்க் குழாயில் இரண்டாவது எல்போவிலேயே நின்றுவிடுகிறது. 17 வாங்கிவிடவா?” எங்கள் ஊருக்கு வெளியே செம்பனை ஆலையில் ஃபிட்டராக இருக்கும் நண்பர்: “பாய்லர் குழாய்க்குள் உப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். திருப்பக்கூடிய தலைதான் வேண்டும் என்கிறார்கள். காசு வீணா?” மூன்றாவது, பாலிடெக்னிக்கில் இறுதியாண்டுத் திட்டத்துக்காகத் தலையைத் தானே வரைந்துகொண்டிருக்கும் ஒரு மாணவி: “அங்கிள், ஒரே துண்டாகச் செய்வதா, இரண்டாகப் பிரிப்பதா?”

தனித்தனியாகப் பதில் எழுதத் தொடங்கினேன். மூன்றிலும் ஒரே கணக்கு திரும்பத் திரும்ப வந்ததால் ஒன்றாகவே எழுதிவிடலாம் என்று தோன்றியது. நான் பட்டம் வாங்கிய பொறியாளன் இல்லை. சுங்கை சிப்புட்டில் ஒரு லேத், ஒரு துளையிடும் எந்திரம், ஒரு சாலிடர் மேசை, அதுதான் பட்டறை. உடைந்த கேமரா தலைகள் என்னிடம் வரும். பிரித்துப் பார்த்து, உறையை எவர்சில்வரில் கடைந்து, திரும்பப் பூட்டிக் கொடுப்பேன். சிலருக்குப் புதிதாகவும் செய்து கொடுத்திருக்கிறேன்.

எங்கள் ஊர் மாதிரித் தோட்டப் பட்டணத்தில் குழாய்க்கு ஒழுங்கு என்று ஒன்று கிடையாது. பழைய லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், சுட்ட மண் குழாய். அதை ஒட்டிப் பிறகு கட்டிய குளியலறையில் யுபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் சிமென்டுத் தரைக்கு அடியில் 100 மி.மீ. குழாய். சமையலறையிலிருந்து 40 மி.மீ. குழாய் ஒன்று மூன்று எல்போ வளைந்து பின்பக்கச் சாக்கடைக்குப் போகும். வீட்டைப் பின்னால் நீட்டிக் கட்டியிருந்தால் மூன்று என்பது ஐந்தாகும். எங்கே வளைகிறது என்பது அன்று வேலை செய்த கொத்தனாருக்கு மட்டும் தெரியும். தலை நுழைய வேண்டிய இடம் இதுதான்.

## எதை வைத்து அளப்பது

எல்லோரும் முதலில் கேட்பது பருமன். கடைக்காரர்களும் அதைத்தான் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். வளைவில் தலையை நிறுத்துவது பெரும்பாலும் பருமன் இல்லை, விறைப்பான நீளம். லென்ஸ் கண்ணாடியின் நுனியிலிருந்து, பின்னால் ஸ்பிரிங் வளையத் தொடங்கும் இடம்வரை எவ்வளவு மில்லிமீட்டர் வளையாமல் இருக்கிறதோ அதுதான் விறைப்பான நீளம். கேபிளைப் பிடித்திருக்கும் கிரிம்ப், ஸ்பிரிங் மாட்டிய திருகுப் பகுதி எல்லாம் இதில் சேரும். பெட்டியில் அச்சிட்ட நீளத்தை நம்பாமல் அளவுகோலை எடுத்து அளந்து பாருங்கள்.

1868இல் ஜெர்மனியின் ஃபிரைபர்க்கில் அடால்ஃப் குஸ்மாவுல் என்ற மருத்துவர் உயிரோடு இருக்கும் ஓர் ஆளின் இரைப்பைக்குள் விறைப்பான குழாயை இறக்கிப் பார்த்தார். அதற்கு அவர் பிடித்த ஆள் வாள் விழுங்கும் வித்தைக்காரர். தலையை நிமிர்த்தி, வாயையும் தொண்டையையும் ஒரே நேர்க்கோடாக்கத் தெரிந்தவர். நம் எல்போவுக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் தலைதான் இறங்கிவர வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டேன். 40 மி.மீ. குழாய்க்கு உள்விட்டம் 38 மி.மீ. என்று வைத்துக்கொண்டேன், எல்போவின் நடுக்கோட்டு வளைவு ஆரமும் 38 மி.மீ. அதற்குள் இடைவெளியே இல்லாமல் உரசிக்கொண்டு போகக்கூடிய அதிகபட்ச விறைப்பு நீளம் இது:

| தலையின் பருமன் | இரு முனையும் தட்டையாக இருந்தால் | இரு முனையும் அரைக்கோளமாக உருண்டிருந்தால் |
|---|---|---|
| 17 மி.மீ. | 88 மி.மீ. | 97 மி.மீ. |
| 23 மி.மீ. | 77 மி.மீ. | 90 மி.மீ. |
| 28 மி.மீ. | 64 மி.மீ. | 83 மி.மீ. |

கடைசி வரிசையைப் பாருங்கள். 28ஐ 23 ஆக்கினால், தட்டை முனையிலேயே, 13 மி.மீ. லாபம். பருமனைத் தொடாமல் முனைகளை மட்டும் உருட்டினால் 19 மி.மீ. லாபம். முதலாவதற்குப் புதுத் தலை வாங்க வேண்டும். இரண்டாவது லேத்தில் அரை மணி நேர வேலை. முன்பக்கம் கண்ணாடி இருப்பதால் முழு அரைக்கோளமாக உருட்ட முடியாது. முடிந்தவரை ஓரத்தை மழித்தால் பாதி லாபமாவது கிடைக்கும்.

அட்டவணை எண்களை அப்படியே நம்பி வெட்டிவிடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு, பசை ஒட்டி வழிந்த விளிம்பு, சற்றே கோணலான மூட்டு என்று குழாய்க்குள் ஆயிரம் இருக்கும். நான் முக்கால் பங்கைத்தான் எடுத்துக்கொள்வேன். எல்போ இன்னும் குறுகலாக இருந்தால் எண்கள் இன்னும் இறங்கும்: ஆரம் 28.5 என்றால் 28 மி.மீ. தட்டைத் தலைக்கு 58தான் கிடைக்கும்.

கணக்கு வராதவர்களுக்கு அட்டை வழி. எல்போவை நெடுக்காக அறுத்தால் தெரியும் உள்வளைவையும் வெளிவளைவையும் ஒரு தாளில் உண்மை அளவில் வரையுங்கள். தலையின் நீள அகலத்தில் தடித்த அட்டை ஒன்றை வெட்டி, இரு கோட்டுக்கும் நடுவே தள்ளிப் பாருங்கள். எங்கே முட்டுகிறதோ அந்த மூலையை மழியுங்கள்.

இரண்டாவது அளவுகோல் திரும்பி வருவது. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேச வேண்டும், ஏனென்றால் என் கையைச் சுட்டது இது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பழைய லயத்தில் கோயில் அரசமரத்து வேர் மண் குழாய்க்குள் இறங்கிவிட்டது. கேமராவை எடுத்துக்கொண்டு போனேன். “என்னப்பா, குழாய்க்கு ஸ்கேன் எடுக்கப் போறியா?” என்று அந்த வீட்டுப் பாட்டி சிரித்தார். தலை உள்ளே வழுக்கிக்கொண்டு போனது; முன்முனையை அழகாக உருட்டியிருந்தேன். பின்முனையை ஏனோ அப்படியே விட்டுவிட்டேன், ஸ்பிரிங் சேரும் இடத்தில் இரண்டு மில்லிமீட்டர் தோள் துருத்திக்கொண்டு நின்றது. இழுக்கும்போது அந்தத் தோள், ஒரு குழாய் இறங்கி அடுத்த குழாய் நிமிர்ந்து நின்ற மூட்டில் கொக்கி போல் மாட்டியது. தள்ளினால் போகும், இழுத்தால் வராது. கடைசியில் பாட்டியின் குளியலறைத் தரையை உடைத்து எடுத்தேன். சிமென்டுக்கும் டைல்ஸுக்கும் என் காசு. அன்றிலிருந்து தலை வரையும்போது பின்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

பின்முனைக்கு இரண்டு விதி. ஒன்று, தோள் இருக்கக் கூடாது. தலையின் பருமனிலிருந்து ஸ்பிரிங்கின் பருமனுக்குச் சரிவாக இறங்க வேண்டும். இரண்டு, ஸ்பிரிங்குக்குள் ஒரு மெல்லிய எஃகு வடம் ஓட வேண்டும். இழுக்கும்போது ஸ்பிரிங் நீண்டுகொடுத்தால், அந்த இழுப்பு முழுவதும் உள்ளே இருக்கும் முடிபோன்ற கம்பிகளின் மேல் விழும், படம் போய்விடும். வடம் இருந்தால் இழுப்பை அது வாங்கிக்கொள்ளும்.

மூன்றாவது தள்ளும் விசை. கண்ணாடியிழைத் தள்ளுகம்பி குழாய்ச் சுவரில் உரசும்போது, ஒவ்வொரு வளைவும் விசையைக் கூட்டாது, பெருக்கும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்துக்கொண்டால் ஒரு 90 டிகிரி வளைவுக்கு ஏறக்குறைய 1.6 மடங்கு. மூன்று வளைவுக்கு 4 மடங்கு, நான்குக்கு ஆறரை மடங்கு. அதனால்தான் மூன்றாவதில் சுலபமாகப் போன தலை ஐந்தாவதில் கல்லாக நிற்கிறது. தலையை எவ்வளவு சீவினாலும் இது மாறாது. குழாய்க்குள் கொஞ்சம் தண்ணீர் ஓடவிட்டால் மாறும்.

மற்றவை வழக்கமானவை: அருகில் உள்ள சுவர் தெளிவாகத் தெரிகிறதா, தண்ணீர் புகாமல் அடைக்கும் சீல் எத்தனை இடத்தில், பழுதானால் இந்த ஊரில் சரிசெய்ய முடியுமா. சென்சார் சிறிதாக இருக்கிறதா என்று கேட்க வேண்டிய காலம் போய்விட்டது. 2019இல் ஓம்னிவிஷன் நிறுவனத்தின் ஓவி6948 சென்சார் உலகிலேயே சிறியது என்று கின்னஸில் ஏறியது: 0.575 மி.மீ. சதுரம், 200×200 புள்ளிகள். மிளகில் பாதிகூட இல்லை. தலையை நீளமாக்குவது சென்சார் இல்லை. அதன் பின்னால் இருக்கும் சர்க்யூட் பலகை, கேபிள் கிரிம்ப், இடத்தைக் கண்டுபிடிக்கும் சிக்னல் சுருள்.

## ஒரே துண்டுத் தலை

எவர்சில்வர் உருளை, முன்னால் சபையர் கண்ணாடி, அதைச் சுற்றி எல்இடி, பின்னால் ஸ்பிரிங். சந்தையில் இருப்பதில் பெரும்பாலானவை இதுதான். நான் செய்து கொடுப்பதிலும் பாதிக்கு மேல் இது.

இதன் பலம் எளிமை. சீல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போனால் நட்டுக் கடையில் வாங்கி நாமே மாற்றலாம். தலைக்குள் மடங்கும் கம்பி இல்லாததால் அறுந்துபோகவும் ஒன்றுமில்லை. கீழே விழுந்தாலும் தாங்கும். கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் சபையர் கண்ணாடி 9. மணல் 7தான், கீறாது. மலிவான தலைகளில் சாதாரணக் கண்ணாடி அல்லது அக்ரிலிக் போட்டு சபையர் என்று விற்பார்கள். இரண்டு மாதம் மண் குழாயில் ஓட்டினால் சாயம் வெளுத்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு சிக்னல் சுருளில் இருக்கிறது. தரைக்கு மேலிருந்து தலை எங்கே நிற்கிறது என்று தேட 512 ஹெர்ட்ஸ் சுருள் வேண்டும். இரும்புக் குழாய்க்கு உள்ளிருந்தும் அந்த அலைவரிசை வெளியே வரும். ஆனால் சுருளுக்கு நீளம் வேண்டும். அதையும் ஒரே உருளைக்குள் திணித்தால் 60இல் இருந்த தலை 90ஐத் தாண்டிவிடும், 40 மி.மீ. குழாய்க்கு அது செத்த தலை. சுருள் வேண்டாம் என்று விட்டால், தரையை எங்கே உடைப்பது என்று தெரியாது. கேபிளில் குறித்த மீட்டரை வைத்து ஊகிக்கலாம், இரண்டு எல்போ வரைக்கும் சரியாக இருக்கும்.

இன்னொன்று வெளிச்சம். வெளிர்நிற யுபிவிசிக்குள் எல்இடி முழுதாக எரிந்தால் திரை வெளுத்துப் பால் மாதிரித் தெரியும். மண் குழாயில் அதே வெளிச்சம் போதாது. மங்கச் செய்யும் குமிழ் இல்லாத தலையை வாங்காதீர்கள். 40 மி.மீ. குழாயில் சுவர் லென்ஸிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும். கைப்பேசியில் மாட்டும் மலிவு எண்டோஸ்கோப்புகள் பலவற்றில் அந்தத் தூரம் மங்கல்தான்.

எப்போது இது சரி: இரண்டு மூன்று வளைவு, நீங்களே பழுது பார்க்க வேண்டிய நிலை, கையில் காசு குறைவு. புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு வேறெதுவும் சொல்ல மாட்டேன்.

## இரண்டாகப் பிரித்த தலை

ரயில் பெட்டி மாதிரி. முன்துண்டில் லென்ஸ், சென்சார், எல்இடி. பின்துண்டில் பலகையும் சிக்னல் சுருளும். நடுவே குட்டி ஸ்பிரிங். ஒரே 90 மி.மீ. உருளை எங்கே நிற்கிறதோ, அங்கே 45, 45ஆகப் பிரித்தது நெளிந்து போய்விடும். கணக்கில் பார்த்தால் இதுதான் வெற்றி.

அந்த மாணவிக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. துண்டை எவ்வளவு குட்டையாக்கலாம் என்று கேட்டால் எல்லோரும் “முடிந்தவரை” என்பார்கள். தவறு. குட்டைக்கும் ஓர் எல்லை உண்டு. 23 பருமனில் 30 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை எடுங்கள். அதன் மூலைவிட்டம் 37.8. குழாயின் உள்விட்டமோ 38. முன்னால் கட்டி ஒன்றில் முட்டியதும் துண்டு புரண்டு குழாய்க்குக் குறுக்கே படுத்துவிடும். பின்னாலிருந்து தள்ளத் தள்ள ஆப்பு அடித்த மாதிரி இறுகும். 35 மி.மீ. ஆக்கினால் மூலைவிட்டம் 42, புரள முடியாது. முனைகளை உருட்டினால் மூலைவிட்டம் குறையுமாதலால், உருண்ட துண்டுக்கு நான் 42 மி.மீ.க்குக் குறைய விடுவதில்லை. அதாவது மேலே ஒரு வரம்பு, கீழே ஒரு வரம்பு, நடுவில் உங்கள் தலை.

இதே காரணத்தால் சிறிய குழாய்க்குச் செய்த பிரித்த தலையை 100 மி.மீ. குழாயில் விடாதீர்கள். அங்கே அது புரண்டு, திரும்பி, உங்களையே பார்க்கும். திரையில் கேபிள் தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

மறைந்த செலவு நடுமூட்டில். ஒவ்வொரு எல்போவிலும் கம்பிகள் இரண்டு முறை மடங்கும், போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று. சாதாரணக் கம்பி போட்டால் சில மாதத்தில் படம் துடிக்கத் தொடங்கும். மெல்லிய இழை பல சேர்ந்த சிலிகான் உறைக் கம்பி போட வேண்டும், கொஞ்சம் தளர்வாகச் சுருட்டிவிட வேண்டும். சீல் நான்கு இடமாகிறது. நடுஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையே முடியும் எண்ணெய்க் கட்டியும் சிக்கும். கழுவாமல் வைத்தால் மறுநாள் அது வளையாது. இழுத்துச் சுருக்கும் ரப்பர் உறை ஒன்றை மேலே மாட்டிவிடுவேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கழுவலாம்.

ஸ்பிரிங் விறைப்பு கைப்பழக்கத்தில்தான் வரும். நடுஸ்பிரிங் தளர்வாக இருந்தால் மூட்டு மடங்கும். விறைப்பாக இருந்தால் பிரித்ததற்கே அர்த்தமில்லை. தலையிலிருந்து தள்ளுகம்பி நோக்கிப் போகப் போக விறைப்பு படிப்படியாக ஏற வேண்டும், தூண்டில் கோலில் நுனியிலிருந்து கைப்பிடிக்கு வருகிற மாதிரி.

எப்போது இது சரி: 40, 50 மி.மீ. குழாய், அடுத்தடுத்து எல்போ, அதோடு தரைக்கு மேலிருந்து இடமும் தெரிய வேண்டும்.

## கம்பி இழுத்துத் திருப்பும் தலை

ஐந்தாறு மில்லிமீட்டர் பருமன், கையில் ஒரு நெம்புகோல், நுனி இரண்டு பக்கமோ நான்கு பக்கமோ வளையும். பார்த்தவுடன் ஆசை வரும். வயிற்றுக்குள் விடும் எண்டோஸ்கோப்பின் உறவினர். 1957இல் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் கண்ணாடியிழைக் கற்றையால் வளையும் எண்டோஸ்கோப்பைப் பயன்படுத்தத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த குடும்பம்.

இது முன்னால் பாதை இரண்டாகப் பிரியும்போது வேண்டிய கிளையைத் தேர்ந்தெடுக்கும்; ஒரே இடத்தில் நின்று சுவரைத் திரும்பிப் பார்க்கும். இந்த இரண்டும் இங்கே பேசும் மற்ற மூன்று தலையாலும் முடியாது.

ஆனால் தள்ளுவதற்கு இதில் உடம்பு இல்லை. மெல்லிய கேபிள் வளைவுக்குள் பாம்பு மாதிரிச் சுருண்டுகொள்ளும். கேபிள் வளைந்து வளைந்து கிடந்தால் உள்ளே இழுகம்பிகளின் உராய்வு கூடி, மேசைமேல் 180 டிகிரி திரும்பிய நுனி குழாய்க்குள் பாதிதான் திரும்பும். கடையில் நேராகப் பிடித்துக் காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள்; கேபிளை இரண்டு சுற்றுச் சுற்றி வைத்துக்கொண்டு நெம்பிப் பாருங்கள். நுனியை வளைத்தபடியே வெளியே இழுத்தால் வளையும் பகுதியின் மேல்தோல் கிழியும், இழுகம்பி அறும். என்னிடம் வரும் திருப்பு தலைகளில் ஏறக்குறைய எல்லாமே இப்படி வந்தவை. என்னால் சரிசெய்யவும் முடியாது, ஈப்போவுக்கு எடுத்துப் போனாலும் புதிது வாங்கிவிடுங்கள் என்றுதான் சொல்வார்கள்.

சாக்கடைக்குள் இதை விடவே வேண்டாம். கியர் பெட்டி, பம்ப் உள்பக்கம், பாய்லர் ஹெடர் (பல குழாய்கள் வந்து சேரும் பெருங்குழாய்), சுவர் இடுக்கு இவற்றுக்குத்தான்.

## தானே நிமிரும் தலை

உள்ளே கேமரா பேரிங்கில் தொங்கும். அடியில் கனம் வைத்திருப்பதால் தலை எப்படி உருண்டாலும் படம் நிமிர்ந்தே இருக்கும். வளைவுக்குள் போகும் திறனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் பேரிங்கும், சுழன்றாலும் மின்சாரத்தைக் கடத்தும் சுழல்தொடர்பும் சேர்ந்து நீளத்தைக் கூட்டும். 100 மி.மீ.க்கு மேற்பட்ட குழாயில், விரிசல் மேலேயா கீழேயா, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று வீட்டுக்காரருக்குக் காணொளி கொடுக்க வேண்டியிருந்தால் வாங்குங்கள். கழுத்து வலிக்காமல் பார்க்கலாம். 40 மி.மீ. குழாய்க்கு வாங்கினால் வீண். பேரிங்கில் ஈரம் ஏறினால் படம் கோணலாகவே நிற்கும், அதுதான் இதன் வியாதி.

இதனோடு சறுக்குச் சட்டமும் வரும், தலையைக் குழாயின் நடுவில் தூக்கி நிறுத்தும் பிளாஸ்டிக் வளையம். பெரிய குழாயில் லென்ஸ் சேற்றில் படாமல் இருக்க நல்லது. திரும்பி வரும்போது மூட்டில் மாட்டி உள்ளேயே கழன்று தங்கவும் இதற்குத் தெரியும்.

## ஒரே பார்வையில்

| | ஒரே துண்டு | பிரித்தது | திருப்புவது | தானே நிமிர்வது |
|---|---|---|---|---|
| 40 மி.மீ., பல எல்போ | குட்டையாக இருந்தால் போகும் | நன்று | கேபிள் சுருளும் | போகாது |
| 100 மி.மீ. வீட்டுக் குழாய் | சரி, சறுக்குச் சட்டத்தோடு | புரளும் | வேண்டாம் | நன்று |
| பாய்லர் குழாய் | நன்று | வேண்டாம் | ஹெடருக்கு மட்டும் | தேவையில்லை |
| திரும்பி வருவது | பின்சரிவு இருந்தால் எளிது | நடுமூட்டைக் கவனி | நுனியை நேராக்கிய பிறகே | சட்டம் மாட்டும் |
| நம் ஊரில் பழுது | முடியும் | பொறுமை இருந்தால் | முடியாது | பேரிங் வரை முடியும் |

எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு செலவை யாரும் விலைப்பட்டியலில் போடுவதில்லை: கழுவுவது. எலி ஓடும் குழாயில் போய்வந்த தலையையும் கேபிளையும் வெறுங்கையால் தொடாதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். கையுறை, கிருமிநாசினி, ஒரு வாளி, இருபது நிமிடம். இதையும் கூலியில் சேருங்கள்.

## மூவருக்கும்

லூனாஸ் தம்பிக்கு: 17 வாங்காதே. உன் 23ஐ அளந்து படம் அனுப்பினாய் அல்லவா, கிரிம்போடு சேர்த்து விறைப்பு 74 மி.மீ. தட்டை முனைக்கு ஓரம்வரை கணக்கே 77தான். பிசுக்கு ஒட்டிய எல்போவில் அது நிற்காமல் என்ன செய்யும். முன் ஓரத்தையும் பின்தோளையும் மழித்து, கிரிம்பை 12 மி.மீ. குட்டையாக்கினால் 62க்கு வரும். சனிக்கிழமை லோரியில் இந்தப் பக்கம் வந்தால் எடுத்து வா. 17 மி.மீ. தலையில் எல்இடிக்கும் இடம் குறைவு, சூடு வெளியேறவும் வழி குறைவு. அதே நீளத்தில் இருந்தால் உனக்குக் கிடைக்கப்போவது 11 மி.மீ. மட்டும்.

ஆலை நண்பருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். நீர்க்குழாய் பாய்லரில் மேல் டிரம் என்ற உருளைத் தொட்டியிலிருந்து குழாய்கள் கீழே இறங்கும். வளைவு இருந்தாலும் அகலமான வளைவு, வீட்டு எல்போ மாதிரி முறுக்கு இல்லை. தலை தன் எடையிலேயே இறங்கும். அதற்குத் திருப்பு தலை வேண்டாம், 20 மி.மீ.க்குள் ஒரே துண்டு போதும். கீழ் ஹெடரின் உள்மூலையைப் பார்க்க வேண்டிய அன்று திருப்பு தலையை வாடகைக்கு எடுங்கள். பெரிய பயம் வேறொன்று: தலையில் கழன்று விழக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது. பக்கச் சுவரைப் பார்க்க முன்னால் மாட்டும் குட்டிக் கண்ணாடி, காந்தம், கொக்கி, எல்லாவற்றையும் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போங்கள். ஒன்று குழாய்க்குள் விழுந்து தங்கினால், அடுத்த முறை பாய்லர் ஏற்றும்போது அந்தக் குழாயில் நீரோட்டம் தடைபடும், குழாய் அளவுக்கு மீறிச் சூடாகும், வெடிக்கும். உள்ளே எடுத்துப்போன பொருள்களை எண்ணி எழுதி, வெளியே வந்ததும் மறுபடி எண்ணுங்கள். கை வைத்தால் சுடும் டிரம்முக்குள் கேமராவை விடாதீர்கள். டிரம்முக்குள் ஆளே இறங்க வேண்டுமென்றால், பயிற்சி பெற்றவர் மட்டும், காற்றைச் சோதித்த பிறகு, வாசலில் ஓர் ஆள் நிற்க. அப்புறம், படிந்த உப்பு எவ்வளவு தடிமன் என்று கேமரா சொல்லாது. இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் சொல்லும்.

மாணவிக்கு: பிரித்த தலையைத் தேர்ந்தெடு, நீ பார்க்கப்போவது 40 மி.மீ. குழாய் என்று சொன்னதால். இரண்டு துண்டும் 42 முதல் 48 மி.மீ. வரை, பருமன் 23, சிக்னல் சுருள் பின்துண்டில், வடம் முன்துண்டிலிருந்து தள்ளுகம்பி வரை ஒரே நீளமாக. எவர்சில்வரில் கடைவதற்கு முன்னால், அதே அளவில் நைலான் கட்டையில் இரண்டு துண்டைக் கடைந்து, நடுவில் பேனா ஸ்பிரிங் ஒன்றை வைத்து, மூன்று எல்போவைப் பசை போடாமல் மாட்டிய குழாயில் தள்ளிப் பார். அந்த எல்போவில் ஒன்றைப் பாதியாக அறுத்து, மேலே தெளிவான பிளாஸ்டிக் தகடு ஒட்டிவிடு. எங்கே முட்டுகிறது என்று கண்ணாலேயே தெரியும். உள்ளே தள்ளிப் பார்த்ததோடு நிறுத்திவிடாதே, இழுத்தும் பார். நைலான் துண்டு தேவைப்பட்டால் சொல், பட்டறையில் மிச்சம் கிடக்கிறது.